எங்கள் பெண்பிள்ளைகளுக்கு மூன்று பரப்பு நிலம் இல்லையா?

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 2ஆம் நாள் சென்னை மாநகரின் நுங்கம்பாக்கம் அரங்கில், உலக மகளிர் டெனிஸ் சங்கத்தின் தரவரிசையில் இடம்பெற்ற ஒற்றையர் போட்டியின் இறுதியாட்டம் நடைபெற்றது. ஒருபுறம் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த கிம்பர்லி பிரெல். மறுபுறம் இந்தோனேசியாவைச் சேர்ந்த ஜேனிஸ் ஜென் என்னும் இருபத்து மூன்று வயது மங்கை. 6-4, 6-3 என்ற கணக்கில், மூன்றாவது செற்றுக்கு இடமே வைக்காமல், இந்தோனேசிய மங்கை வென்றார். அவ்வாண்டு தொடங்கியபோது உலகத் தரவரிசையில் நூற்றுக்கணக்கான படிகள் கீழே நின்றவர் அவர். ஏழு வாரங்களுக்கு முன்புதான் பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ நகரில் இறுதியாட்டம் வரை வந்து தோற்றுத் திரும்பியவர். 2002ஆம் ஆண்டில் ஆஞ்செலிக் விஜாயா தாய்லாந்தின் பட்டாயாவில் வென்ற பின்னர், இருபத்து மூன்று ஆண்டுகளாக இந்தோனேசியப் பெண் எவரும் இத்தகைய ஒற்றையர் பட்டத்தைத் தொட்டதில்லை. தொட்டார் ஜேனிஸ் ஜென். அதுவும் தமிழ் மண்ணிலே தொட்டார்.

அதே நாளில் நவி மும்பையில் இந்தியப் பெண்கள் தென்னாபிரிக்காவை வீழ்த்தி உலகக் கிரிக்கட் கிண்ணத்தையும் கைப்பற்றினர். ஒரே மாலையில் இரண்டு செய்திகள். நம்மவர் இரண்டையும் கைபேசியிலே கண்டு களித்தனர்; கைதட்டினர்; தேநீர்க்கடை வாங்கில் அமர்ந்து விமர்சனமும் செய்தனர். நன்று. மகிழ்ந்தவர்களை நான் குறை கூறவில்லை. மகிழ்ந்தவர்களே மறுவாரம் என்ன செய்தார்கள் என்பதுதான் இக்கட்டுரையின் வழக்கு.

தர்மபுரத்தில் ஒரு மாலைக்கூட்டம். பரந்தன் முல்லைத்தீவு வீதிக்கு அண்மையில், ஒரு சிறு மண்டபத்தில், கமக்காரர், ஆசிரியர், அரச உத்தியோகத்தர், கடைக்காரர் என ஏறத்தாழ நாற்பது பேர் கூடியிருந்தனர். விளையாட்டு மைதானத்தைத் திருத்துவது பற்றிய ஆலோசனை. சட்ட விடயம் ஏதும் எழுந்தால் சொல்லும்படி என்னையும் அழைத்திருந்தனர். கிரிக்கட் ஆடுகளத்துக்குச் சீமெந்துத் தரை, உதைபந்தாட்டக் கம்பங்கள், பார்வையாளர் கொட்டகை என்று கோரிக்கைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றும் கைதட்டலுடன் ஏற்கப்பட்டது. இறுதியில் பின்வரிசையில் இருந்து ஓர் இளம் ஆசிரியை எழுந்தார். மைதானத்தின் வடகிழக்கு மூலையில், ஒருவரும் ஆடாத பற்றைக்காட்டை வெட்டி, பெண்பிள்ளைகளுக்கென ஒரு டெனிஸ் தளம் அமைக்கலாகாதா என்று கேட்டார்.

சபை சிரித்தது.

சிரிப்பு அடங்கிய பின் படித்த பெரியவர் ஒருவர், குரலிலே தேனைத் தடவிக்கொண்டு, "தங்கச்சி, முதலிலே உரத்துக்கும் நெல்லு விலைக்கும் ஒரு வழி பாப்பம், பந்து பிறகு உருளட்டும்" என்றார். மற்றொருவர், "அது கொழும்பு ஏழுக்காரரின்ர விளையாட்டு" என்றார். மூன்றாமவர், "குமர்ப்பிள்ளையள் அரைப்பாவாடையோட ஓடுறதை எங்கட சனம் பாத்துக்கொண்டிருக்குமோ?" என்று கேட்டார். கோரிக்கை ஒத்திவைக்கப்பட்டது. நீதிமன்றத்திலே இருபது ஆண்டுகளாகத் தவணை வாங்கியும் கொடுத்தும் பழகியவன் நான். ஒத்திவைத்தல் என்பது தீர்ப்பு எழுதாமலே வழக்கைத் தள்ளுபடி செய்யும் வித்தை என்பதை எனக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இந்த மூன்று வாதங்களையும் எதிர்கொள்ளாமல் விடுவது கோழைத்தனம். ஆதலால் எழுதுகிறேன்.

முதலில் நிலக்கணக்கைப் பார்ப்போம். கமக்காரருக்கு அதுதான் முதற்கணக்கு. டெனிஸ் தளத்தின் நீளம் 78 அடி. ஒற்றையர் ஆட்டத்துக்கு அகலம் 27 அடி. இரட்டையருக்கு 36 அடி. ஒற்றையர் கோட்டுக்குள் அடங்கும் நிலம் 2,106 சதுர அடி. ஓர் ஏக்கருக்குப் பதினாறு பரப்பு என்பது நாம் அறிந்த கணக்கு. ஒரு பரப்பு ஏறத்தாழ 2,722 சதுர அடி. ஆகவே ஒற்றையர் தளம் ஒரு பரப்புக் காணிக்கும் குறைந்தது! ஓடித் திரும்பச் சுற்றிலும் விடவேண்டிய வெளியையும் சேர்த்து, 120 அடிக்கு 60 அடி என எடுத்தாலும் 7,200 சதுர அடி. மூன்று பரப்பை எட்டாது. கிரிக்கட் மைதானத்துக்கு மூன்று, நாலு ஏக்கரை மனமுவந்து அளந்து கொடுத்த சபை, அதன் பதினாறில் ஒரு கூறுகூட இல்லாத நிலத்தைப் பெண்பிள்ளைகளுக்கு ஒத்திவைத்தது. இதை வறுமை என்று சொல்வாருளரோ? வறுமையானால் இரண்டு பக்கமும் அல்லவா கிள்ளியிருக்க வேண்டும்?

தளம் அமைக்கக் கோடி வேண்டுமே என்பார் சிலர். சென்னையிலே உள்ளதுபோன்ற மெருகிட்ட கடினத்தளம் வேண்டுமாயின் செலவு பெரிதுதான்; மறுக்கவில்லை. ஆனால் பாரிஸ் நகரிலே உலகின் தலைசிறந்த நான்கு போட்டிகளில் ஒன்று எந்தத் தளத்தில் ஆடப்படுகிறது தெரியுமா? சுண்ணக்கல் படுக்கையின் மேல் தூவிய செங்கற்பொடியில்! அந்தச் சிவப்பு நிறம் செங்கல்லின் நிறமே. சூடுமிதிக்கும் களத்தைச் சாணமிட்டு மெழுகிக் கண்ணாடிபோல் ஆக்கத் தெரிந்த சனத்துக்கு, செங்கல்லை இடித்துத் தூவி உருளை உருட்டத் தெரியாதா? பாரிஸின் நேர்த்தி வராது, வரவும் தேவையில்லை. பத்து வயதுப் பிள்ளைக்குப் பந்து எழும்பினாற் போதும்.

இனி, கொழும்பு ஏழுக்காரரின் விளையாட்டு என்ற வாதம். இதை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். இதிலே பாதி உண்மை உண்டு. வெள்ளைத்துரைமார் தங்கள் பங்களா முற்றங்களிலும் கழகங்களிலும் ஆடிய ஆட்டமே இந்நாட்டுக்கு வந்தது. பந்து பொறுக்கும் வேலைக்கு மாத்திரமே நம்மவரில் ஏழைகள் அந்த வேலிக்குள் அழைக்கப்பட்டனர். பின்னர் துரைமார் போயினர், வேலி போகவில்லை. துரை இருந்த நாற்காலியில் நமது உத்தியோகத்தர் அமர்ந்தார். ஆயினும், வேலி போட்டவன் தவறு செய்தான் என்பதற்காக வேலிக்குள் இருந்த நிலத்தையே வெறுப்பது எவ்வகை நியாயம்? ஆங்கிலக் கல்வியும் அவ்வாறு வந்ததுதான், அதை விட்டோமா? வைத்தியமும் சட்டமும் அவ்வாறு வந்தவைதாம். மகனை டாக்குத்தராக்கத் தாலிக்கொடியை அடகு வைத்தோம் அல்லவா?

வேலிக்கு வெளியே நின்ற ஒரு சிறுமியின் கதையை ஈண்டு சொல்லவேண்டும். தர்மபுரத்துக்கும் அதற்கும் உள்ள ஒற்றுமையை வாசகர் தாமே கண்டுகொள்வர். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலே பரெலன் என்னும் சிறிய கமக்காரர் ஊர். கோதுமையும் ஆடும் அதன் செல்வம். அங்கே ஆட்டு மயிர் கத்தரிக்கும் தொழிலாளி ஒருவரின் மகள் இவான் கூலகாங். அந்நாட்டின் ஆதிக்குடிகளில் விராஜூரி இனத்தைச் சேர்ந்த குடும்பம். அக்காலத்தில் ஆதிக்குடியினர் பட்ட இழிவைச் சொல்லி முடியாது. ஊர் டெனிஸ் தளத்தின் கம்பிவேலிக்கு வெளியே நின்று அச்சிறுமி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் ஊரவர் ஒருவர் அதைக் கண்டு, உள்ளே வந்து ஆடு பிள்ளை என்று அழைத்தார். ஆடினாள். பின்பு அவளைச் சிட்னிக்கு அனுப்பிப் பயிற்றுவிக்க அவ்வூர் மக்களே பணம் சேர்த்தனர். 1971ஆம் ஆண்டில் இலண்டன் விம்பிள்டன் அரங்கிலே அவர் மகளிர் பட்டம் சூடினார். 1980ஆம் ஆண்டில், ஒரு பிள்ளைக்குத் தாயான பின்னர், அதே பட்டத்தை மீண்டும் சூடினார்.

பரெலன் ஊரிலே கோதுமை விலை என்றும் உச்சத்தில் நின்றதா? அங்கே வரட்சி வந்ததில்லையா? வந்தது. ஆயினும், எல்லாக் கவலையும் தீர்ந்த பின்னரே வேலிக்கதவைத் திறப்போம் என்று அவ்வூரார் காத்திருக்கவில்லை.

அமெரிக்காவின் அல்தியா கிப்சனும் அவ்வாறே. தென் கரோலினாவிலே பருத்தி நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பத்தில் 1927ஆம் ஆண்டில் பிறந்த கறுப்பினப் பெண். கறுப்பர் தம்மோடு ஒரே தளத்தில் ஆடலாகாது என்றிருந்த காலத்தைத் தாண்டி 1957இலும் 1958இலும் விம்பிள்டனில் வென்றார். வாரக்குடியின் மகள்! நம்மூரில் குத்தகைக்கு வயல் செய்வோரின் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

நம் இனத்தின் கணக்கையும் ஒருகால் புரட்டுவோம். இராமநாதன் கிருஷ்ணன் 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். தமிழுலகம் முழுதும் அவர் பெயரைச் சொல்லித் தோள் தட்டியது. தகும். அதன்பின் கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன், 1998ஆம் ஆண்டு அவுஸ்திரேலியப் போட்டியில், உலகப் பெரும் போட்டிகளின் பிரதான சுற்றிலே ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயரைப் பெற்றார். தமிழ் ஆண் அரையிறுதி ஏறியதற்கும் தமிழ்ப் பெண் முதற்படி ஏறியதற்கும் இடையில் 38 ஆண்டுகள்! இந்த இடைவெளியைப் பெண்ணின் தோளிலே தேடாதீர்கள். தோளுக்கு மட்டை கொடுக்காதவரின் கையிலே தேடுங்கள். கோயம்புத்தூரின் மாயா ராஜேஷ்வரன் ரேவதி 2025 பெப்ரவரியில், பதினைந்து வயதில், மும்பைப் போட்டியின் அரையிறுதிக்கு வந்து நின்றதைப் பார்த்தோம். அந்தப் பிள்ளைக்குச் சிறுவயதிலேயே தளமும் பயிற்சியும் கிடைத்தன. பின்னர் ஸ்பெயின் நாட்டிலே ரஃபேல் நடாலின் பயிற்சிக்கூடம் வரை வழி திறந்தது. கிடைத்த பிள்ளை வளர்ந்தது. கிடைக்காத பிள்ளைகளின் பெயர் நமக்குத் தெரியாது, அதுதான் வேறுபாடு.

சென்னையையும் நான் முற்றாகப் புகழ்ந்துவிட மாட்டேன். அந்நகரிலே ஆண்களுக்கான உலகத்தரப் போட்டி 1997 முதல் 2017 வரை ஆண்டு தவறாமல் இருபத்தொரு முறை நடைபெற்றது. பெண்களுக்கான போட்டி 2022 செப்டெம்பரில்தான் முதன்முறை வந்தது. பதினேழு வயதான செக் நாட்டு லிண்டா புருவிர்டோவா, போலந்தின் மக்டா லினெட்டை 4-6, 6-3, 6-4 எனப் பின்தங்கி நின்று வென்ற அந்த அருமையான இறுதியாட்டத்துக்குப் பின், 2023இல் போட்டி இல்லை, 2024இலும் இல்லை. 2025இல்தான் மீண்டும் மூச்சு வந்தது. இந்த வகுப்பிலுள்ள பெண்கள் போட்டியின் மொத்தப் பரிசுப்பணம் 2025இல் ஏறத்தாழ 275,000 டொலர். அதே வகுப்பிலுள்ள ஆண்கள் போட்டிகளின் பரிசுப்பணமோ அதன் இரு மடங்கையும் தாண்டும். பந்தும் அதே பந்து. வலையும் அதே உயரம்!

இந்த அநீதியைத் தட்டிக் கேட்டவர்களும் பெண்களே. 1970ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலஸ் நகரப் போட்டியொன்றில் ஆண் வெற்றியாளனுக்கு 12,500 டொலர். பெண் வெற்றியாளருக்கு 1,500 டொலர் என்று அறிவித்தனர். பில்லி ஜீன் கிங் உட்பட ஒன்பது பெண்கள், இனி இந்தப் பிச்சைக்கு ஆடோம் என்று வெளியேறி, ஹூஸ்டன் நகரிலே செப்டெம்பர் 23ஆம் நாள் தலைக்கு ஒரு டொலர் பெற்றுக் கைச்சாத்திட்டுத் தமக்கெனத் தனிப்போட்டி தொடங்கினர். சங்கத்தார் அவர்களை இடைநிறுத்தினர், அஞ்சவில்லை. அந்த ஒரு டொலரிலிருந்துதான் 1973இல் மகளிர் டெனிஸ் சங்கம் எழுந்தது. அதே ஆண்டில் அமெரிக்கப் பெரும் போட்டி இருபாலாருக்கும் சமப்பரிசு அறிவித்தது. விம்பிள்டன் கனவான்களுக்கு அந்த நியாயம் புலப்பட 2007ஆம் ஆண்டு வரை, மேலும் 34 ஆண்டுகள் பிடித்தன. கனவான்கள் எங்கும் ஒரே சாதிதான் போலும்.

நிற்க. பெரியவர் சொன்ன நெல்லு விலைக்கு வருகிறேன்.

கமக்காரரின் துயரை எனக்கு யாரும் எடுத்துச் சொல்லவேண்டாம். 2021ஆம் ஆண்டிலே இரவோடிரவாக இரசாயன உரத்தைத் தடைசெய்து வயல்களை மஞ்சளாக்கிய ஆட்சியின் கூத்தை நாம் எல்லோரும் பட்டு அறிந்தோம். நீரும் உரமும் நியாய விலையும் கேட்டு எழும் ஒவ்வொரு குரலோடும் என் குரல் சேர்ந்தே நின்றிருக்கிறது; இனியும் நிற்கும். ஆனால் கேட்கிறேன்: கிரிக்கட் தரைக்குச் சீமெந்து கேட்டபோது நெல்லு விலை எங்கே போயிருந்தது? உதைபந்தாட்டக் கம்பத்துக்குக் கை உயர்த்தியபோது உரத்தின் நினைவு ஏன் வரவில்லை? ஆண்பிள்ளையின் கோரிக்கை வரும்போது களஞ்சியம் நிறைந்திருக்கிறது. பெண்பிள்ளையின் கோரிக்கை வந்ததும் அதே களஞ்சியத்தில் எலி ஓடுகிறது! நீதிமன்றத்தில் இத்தகைய சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய ஐந்து நிமிடம் போதும்.

அன்றியும், கமக்குடும்பத்திலே நாற்று நட்டதும் களை பிடுங்கியதும் கதிர் அள்ளியதும் யார்? போர் தின்ற இந்த வன்னி மண்ணில் தனியொருத்தியாய்க் குடும்பம் சுமக்கும் பெண்கள் எத்தனை பேர்! 2009ஆம் ஆண்டு தை மாதத்தில், இடம்பெயர்ந்தோரின் தறப்பாள் கொட்டில்களால் தர்மபுரம் நிறைந்திருந்த அந்த நாட்களில், குண்டுச் சத்தத்துக்கு நடுவே தண்ணீர்க் குடத்தோடும் கைப்பிள்ளையோடும் ஓடிய கால்கள் யாருடைய கால்கள்? அன்று அந்த ஓட்டத்தை எவரும் பண்பாட்டுக்கு விரோதம் என்று சொல்லவில்லை. அன்று ஓடியவளின் மகள் இன்று பந்தின் பின்னே ஓடினால் மாத்திரம் பண்பாடு பதறுகிறதோ?

ஆடை பற்றியும் ஒரு வார்த்தை. விம்பிள்டனில் 1884இல் பெண்கள் முதன்முதலாக ஆடியபோது கணுக்காலை மூடிய பாவாடையோடுதான் ஆடினர். நீண்ட காற்சட்டை அணிந்து ஆடுவதை எந்த விதியும் இன்று தடுக்கவில்லை. ஆகவே ஆடையிலே தடையில்லை. ஆடையைச் சொல்லும் கண்ணிலேதான் தடை. வலைப்பந்தாட்டத்திலே ஆசியக் கிண்ணத்தை 2009இலும் 2018இலும் இந்நாட்டுக்கு வென்று தந்த அணிகளில் தலைநிமிர்ந்து நின்ற தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண்; அவர் விளையாட்டுடையோடு நின்ற படத்தை நம்மவர் சுவரிலே ஒட்டினரே, அப்போது வெட்கம் வரவில்லையே! முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார், எழுபது வயதைக் கடந்த பின்னர், 2023ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டிலே மூத்தோருக்கான மெய்வல்லுநர் போட்டியில் ஓடித் தங்கம் கொண்டுவந்தார். மாலை போட்டோம், மேளம் அடித்தோம். வெற்றி பெற்ற பெண்ணுக்கு மாலை. வெற்றிக்குப் புறப்படும் பெண்ணுக்குப் பூட்டு. இதற்குப் பெயர் பண்பாடு என்றால், நான் அகராதியை மாற்றவேண்டும்.

சட்டத்தைச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்குத் துரோகம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, பால் காரணமாக எவருக்கும் ஓரங்கட்டல் ஆகாது என்கிறது. அதே உறுப்புரையின் 4ஆம் பிரிவு ஒருபடி மேலே சென்று, பெண்களினதும் பிள்ளைகளினதும் முன்னேற்றத்துக்காகச் சிறப்பு ஏற்பாடு செய்வதை எதுவும் தடுக்காது என்று வழி திறந்து வைத்திருக்கிறது. பெண்களுக்கு எதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1981இல் ஏற்றுக்கொண்டது. அதன் 10ஆம் உறுப்புரை, விளையாட்டிலும் உடற்கல்வியிலும் பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாய்ப்புப் பெறவேண்டும் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. இவை கொழும்பு அலுமாரிகளிலே தூங்கும் தாள்கள் என்பர். தூங்குவது உண்மை. எழுப்பப் போனவர் யார்? மைதானத்துக்கு அரச பணம் ஒரு சதமேனும் செலவாகுமானால், அதில் பெண்பிள்ளையின் பங்கு எங்கே என்று கேட்க ஊரிலுள்ள எந்தத் தாய்க்கும் உரிமை உண்டு. 2018 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த வடமாகாண சபைக்குத் தேர்தல் நடத்தாமலே ஆண்டுகள் பல உருண்டோடின; கேட்க ஆளில்லை என்ற சாக்கு மேலிடத்துக்குப் பொருந்தலாம். நம் ஊர்க் கூட்டத்துக்கு அது பொருந்தாது. அங்கே கை உயர்த்தியவர் நாமே.

சட்டம் என்ன செய்யும் என்று கேலி பேசுவோர் ஜேனிஸ் ஜென்னின் வழியைச் சற்று ஆராயட்டும். 1972ஆம் ஆண்டிலே அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது: அரச பணம் பெறும் கல்வி நிலையம் எதுவும் பால் காரணமாக வேற்றுமை காட்டலாகாது என்பதே அதன் சாரம். பெண்களுக்கான பல்கலைக்கழக ஆட்டங்கள் அங்கே தழைத்ததற்கு அச்சட்டம் பெருங்காரணம். ஐம்பது ஆண்டுகளின் பின்னர், யகார்த்தாவிலே பிறந்த ஒரு பெண், கலிபோர்னியாவின் பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தில் கற்றபடியே ஆடி வளர்ந்து, அங்கிருந்து உலக அரங்குக்கு வந்து, சென்னையிலே கிண்ணம் ஏந்தினாள். நம்மைப் போலவே அந்நியனுக்கு அடிமைப்பட்டு விடுபட்ட நாடு; நம்மைப் போலவே நெல் விளைவித்துச் சோறுண்ணும் நாடு. அந்நாட்டுப் பெண்ணுக்குத் திறந்த கதவு, கண்டாவளைப் பிரதேசத்துப் பெண்ணுக்கு மாத்திரம் இயற்கையாகவே பூட்டியிருக்கிறது என்று நம்புவோர் நம்பட்டும்.

இப்பொழுது ஒரு குற்ற ஒப்புதல். பிறரைக் கூண்டில் ஏற்றுபவன் தானும் ஒருமுறை ஏறி இறங்குவது முறை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு விளையாட்டுக் கழகத்தின் காரியதரிசியாக நான் இருந்தேன். வெளிநாட்டிலுள்ள உறவுகள் அனுப்பிய பணம் ஒரு தொகை கைக்கு வந்தது. பெண்பிள்ளைகள் நால்வர் வந்து, வலைப்பந்தாட்டத்துக்கு ஒரு பந்தும் இரண்டு வளையமும் கேட்டனர். அடுத்த முறை பார்ப்போம் என்றேன். ஆண்களுக்குப் புதுச்சீருடை தைத்தோம். முதுகிலே இலக்கம், மார்பிலே கழகச் சின்னம். அடுத்த முறை வரவேயில்லை. அந்த நால்வரும் மீண்டும் வரவில்லை. அவர்களில் ஒருத்தி ஓடினால் காற்றுக்கு மூச்சு வாங்கும். அண்மையிலே ஒரு காணி வழக்குக்காக என் அலுவலகத்துக்கு வந்தாள். இரண்டு பெண்பிள்ளைகளின் தாய். வழக்கு விபரம் எல்லாம் பேசி முடித்து எழும்பும்போது, "ஐயா, அந்தப் பந்து வாங்கினீங்களோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். நான் சிரிக்கவில்லை.

ஆகவே மண்டபத்திலே ஆசிரியையைப் பார்த்துச் சிரித்தவர்கள் மீது எனக்குள்ள கோபத்தில் பாதி என் மீதே உள்ள கோபம். மற்றைய பாதியை அவர்கள் ஏற்கட்டும்.

உலகக் கிண்ணம் வாங்கித் தருவோம் என்று நான் ஆணையிடவில்லை. ஒரு தளம் போட்டதும் ஒரு வீராங்கனை முளைத்துவிடுவாள் என்பது மாயம். அப்படிச் சொல்வோரை நம்பவேண்டாம். சென்னையிலே 2025ஆம் ஆண்டுப் போட்டியில் ஒற்றையர் பிரதான சுற்றில் ஆடியவர் முப்பத்திருவர். கிண்ணம் பெற்றவர் ஒருவர். இந்தியா போன்ற பெருநாட்டின் பெண்கள் எவரும் அந்த இறுதியாட்டத்துக்கு வரவில்லை. தோற்ற முப்பத்தொருவரும் வீணர் என்று யாராவது சொல்வார்களா? பதினான்கு வயதிலே வீட்டுக்குள் அடைந்து போகும் ஒரு பெண்பிள்ளை, கிழமைக்கு மூன்று மாலை திறந்த வெளியில் நின்று, தன் கையால் அடித்த பந்து தான் நினைத்த இடத்தில் விழுவதைக் காணவேண்டும். அந்தக் கை பின்னர் வாக்குச்சீட்டையும் உறுதிப்பத்திரத்தையும் சம்பளப் பட்டியலையும் வேறுவிதமாகப் பிடிக்கும் என்பது என் துணிபு. கொழும்பிலே பிள்ளைகளுக்கு அது காலையுணவு போலக் கிடைக்கிறது.

வேண்டுவன சிறியவை. மைதானத்தின் அந்த மூலையில் மூன்று பரப்பு. செங்கல் இடிக்கவும் உருளை உருட்டவும் ஒரு சனிக்கிழமைச் சிரமதானம். கமக்காரர் அமைப்பில் உள்ளவர்கள் காலபோக அறுவடையிலே வீட்டுக்கு ஒரு புசல் நெல் தந்தால் வலையும் மட்டையும் பந்தும் வந்துவிடும். வைத்தியர்களும் பொறியியலாளரும் சட்டத்தரணிகளுமாகிய நாங்கள், ஒரு புசலோடு தப்பிவிட முயலாமல், பெண் பயிற்றுநர் ஒருவருக்கு மாதந்தோறும் வேதனம் தரும் பொறுப்பை ஏற்கவேண்டும். பொழுதுபட முன்னர் பிள்ளைகளை வீடு சேர்க்க ஊரில் முச்சக்கரவண்டிக்காரர் இருக்கிறார்கள். பிரதேச சபைக்கும் விளையாட்டு உத்தியோகத்தருக்கும் கொடுக்கவேண்டிய விண்ணப்பத்தை நானே எழுதிவிட்டேன். முத்திரைக் கட்டணம் எதுவும் இல்லை.

அதிலே பெற்றோர் கையொப்பத்துக்கென இரண்டு பகுதி விட்டிருந்தேன். தாய்மாரின் பகுதி நிறைந்து, தாளின் பின்புறத்திலும் எழுதியிருக்கிறார்கள். எழுதத் தெரியாத இரண்டு கிழவிகள், பேரப்பிள்ளைகளுக்காகப் பெருவிரல் அடையாளம் வைத்திருக்கிறார்கள். தந்தையரின் பகுதியில் இன்னும் இடமிருக்கிறது. தாள் ஆசிரியையிடம் உண்டு. பாடசாலை விட்ட பின்னர் மாலை நான்கு மணி வரை அவர் அங்கேதான் இருப்பார்.